மோதிர விரலுக்கு ஒரு தூண்டில்

நம் பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் வந்த கேள்வியைப் பார்த்திருப்பீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாதி வகுப்பைத் தூங்கியே கழித்தவர், இப்போது ஓய்வு பெற்ற அதிகாரி. மகன் அவரை இமாசலத்துக்குக் கூட்டிப் போகிறானாம், ட்ரவுட் மீன் பிடிக்க. 'லேசான ஸ்பின்னிங் ராடும் ரீலும் எப்படிப் பார்த்து வாங்குவது, யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டிருந்தார். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் மீன் குழம்பு படம் போட்டார். இன்னொருவர், 'உனக்கு மத்தி போதாதா?' என்றார். மூன்றாமவர் வழக்கம்போல ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார், சாயங்காலம் ஆறு மணிக்கு.

நான் வாய் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை. ட்ரவுட் மீனை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை, ஆனால் அதற்கான தூண்டில் ராடையும் நூல் சுற்றும் ரீலையும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். பொம்பளைக்கு இதெல்லாம் எப்படி என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். நாலாவது வரியில் அழுகை வந்துவிட்டது. அதனால் குழுவில் போடாமல் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அம்மாவின் தம்பி இருந்தார். எனக்கு ஒரே மாமா. நாகரசம்பட்டிப் பக்கத்தில் மாந்தோப்பும் மானாவாரி நிலமுமாக இருந்த குடும்பம். நிலத்தை நம்பினால் ஆகாது என்று ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஓசூருக்கு வந்து எங்களோடு தங்கினார். அப்போது ஓசூரில் மாதத்துக்கு ஒரு கம்பெனி முளைத்துக்கொண்டிருந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். காலையில் எழுந்தால் பனி மூடி எதிர்வீடு தெரியாது, சங்கு ஊதும் சத்தம் மட்டும் நாலு திசையிலிருந்தும் வரும். மாமாவுக்குப் பவர் பிரஸ்ஸில் வேலை. தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்புக் கட்டை இறங்கி ஒரே அடியில் வெட்டித் தரும் மெஷின்.

ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள், ஆனாலும் பூஜைக்குப் போவோம், பொரியும் சுண்டலும் யாருக்குக் கசக்கும்? அந்த வருடம் மாமா தன் மெஷினுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார். அம்மாவுக்காக ஒரு தகட்டை வைத்து ஓட்டிக் காட்டினார். கட்டை இறங்கியபோது காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சந்தனம் காய்ந்து உதிர்வதற்குள் மாமாவின் வலது கை உள்ளே போய்விட்டது. அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் கட்டை இறங்கும். கை வெளியே இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே. ஒரு பட்டனில் தீக்குச்சியைச் சொருகி அமுக்கியபடியே நிறுத்திவிடுவார்கள். ஒரு கை மிச்சம், வேலை இரட்டை வேகம். மெஷின் ஷாப்பில் எல்லோரும் செய்தார்கள், மாமாவும் செய்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. மோதிர விரல் நசுங்கித் தையல் போட்டு நின்றது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் தப்பின.

கட்டு அவிழ்த்த பிறகு டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "தம்பி, இந்த மோதிர விரல்தான் இனிமே உங்க கை. இதுக்குத் தினமும் வேலை குடுத்தீங்கன்னா பொழைக்கும். விட்டுட்டீங்கன்னா கட்டை மாதிரி நிக்கும்." பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். மாமா ஒரு வாரம் பிசைந்தார். சுண்டுவிரலும் கட்டைவிரலும் வேலையைச் செய்துவிடும், மோதிர விரல் சும்மா கூடப் போய்வரும். கடுப்பாகிப் பந்தை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு அந்த வெள்ளைக்கார இன்ஜினியர் நினைவு வந்தது. மெஷினை இறக்கி நிறுத்த வெளிநாட்டிலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரி டேமுக்குத் தூண்டிலோடு போவாராம், துணைக்கு மாமா. அவர் ஊரில் ட்ரவுட் என்று ஒரு மீன், உடம்பெல்லாம் புள்ளி. அதற்கு வைத்திருக்கும் ராடு இரண்டு விரலில் பிடிக்கிற அளவு லேசாம். நூலை வீசுவதற்கு முன்னால் ஒற்றை விரலில் கொக்கி மாதிரி மடக்கிப் பிடிக்கவேண்டும், வீசும்போது சரியான நேரத்தில் விடவேண்டும். எல்லாம் ஒரு விரல் வேலை. மற்றவர்களுக்கு அது ஆள்காட்டி விரல். மாமா தன் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்கு ஷூ வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மாமாவும் நானும் பெங்களூர் பஸ் ஏறினோம். சிவாஜி நகரில் ஒரு சந்து. கடை முழுக்க மூங்கிலும் வலையும் ஈயக் குண்டும். கடைக்காரர் வயதானவர், கன்னடத்தையும் தமிழையும் சேர்த்து அரைத்துப் பேசினார்.

"ட்ரவுட் ராடா? இல்லி எல்லி சார் ட்ரவுட், இங்க ஏது? ஊட்டிக்குப் போறீங்களா?"

"மீனு வேணாங்க. அந்த ராடு மட்டும் போதும்."

கடைக்காரர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகுதான் சட்டைக் கைக்குள் மறைந்திருந்த கையைப் பார்த்தார். உள்ளே போய் மூன்று ராடு கொண்டுவந்தார்.

கேள்வி கேட்ட நண்பரே, இதைக் கவனமாகப் படியுங்கள். முதலாவது டேமில் கட்லா பிடிக்கிற ராடு, தடித்தடியாக இருந்தது, அதை மாமா தொடவே இல்லை. இரண்டாவது பார்க்க அழகு, சிவப்பு நூல் சுற்றிப் பளபளவென்று. மூன்றாவது ஆறடி, காப்பிக்கொட்டை நிறம், இரண்டு துண்டாகக் கழற்றலாம், பிடிக்கு கார்க். கடைக்காரர் இரண்டையும் தரையில் நுனியை ஊன்றி வளைத்துக் காட்டினார். சிவப்பு நூல் ராடு அடிவரை விறைத்து நின்றது. மூன்றாவது நுனியில் மெதுவாக வளைந்து, விட்டதும் நேரானது. சின்ன எடையைத் தூக்கி வீச நுனி இளக்கமாக இருக்கவேண்டும் என்றார். ராடைத் தனியாகத் தூக்கிப் பார்த்து ஏமாறக்கூடாது, ரீலை மாட்டிவிட்டுப் பிடிக்கு மேலே ஒரு விரலில் வைத்துப் பார்க்கவேண்டும். நுனி தொங்கினால் மணிக்கட்டு வலிக்கும். பெரிய ரீலை மாட்டினால் அடி தொங்கும், அதுவும் ஆகாது. ரீலின் கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றவேண்டும். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி இருந்தால் வேண்டாம். நூலை இழுத்தால் திணறாமல் விட்டுக்கொடுக்கவேண்டும்.

"சார், எடக் கையில ராடு புடிங்க, வலக் கையில சுத்துங்க. உங்களுக்கு அதுதான் சுலபம்" என்றார் கடைக்காரர்.

"நல்ல கைக்கு ஆயிரம் வேலை இருக்குதுங்க. நான் வாங்க வந்ததே இந்தக் கைக்குத்தான்."

கடைக்காரர் ஒரு திருகைக் கழற்றி, ரீலின் கைப்பிடியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றி மாட்டினார். மாமா வலது கையில் ராடை வாங்கினார். மோதிர விரலை மடக்கி நூலைப் பிடிக்கப் பார்த்தார். நழுவியது. மறுபடியும் நழுவியது. மூன்றாவது தடவை நூல் அந்த விரலில் நின்றது. மாமாவின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, டிசம்பர் மாதத்தில்.

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் வெகுநேரம் நின்றது. மாமா என் காதுக்கு அருகில் குனிந்தார்.

"கண்ணு, உன்கிட்ட மட்டும் சொல்றேன். கோடையில கம்பெனி டாக்டரு கையப் பார்ப்பாங்க. தகட்டுக் கனம் அளக்கிற மைக்ரோமீட்டரைப் புடிச்சுத் திருகிக் காட்டணும். கட்டைவெரலும் இதுவும் சேர்ந்து திருகுச்சுன்னா, என்னை இன்ஸ்பெக்சன் ரூம்ல போட்டுர்றதா மேனேஜர் சொல்லிட்டாரு. ஒக்காந்துக்கிட்டே அளந்து பார்க்கிற வேலை. மெஷின் பக்கமே போக வேணாம்."

"அம்மாகிட்ட சொன்னா சந்தோசப்படும்ல மாமா?"

"அய்யோ, வேணாம் சாமி. ஆகறதுக்கு முன்னாடி சொன்னா வேண்டுதல், காணிக்கைன்னு ஊரையே கூட்டிரும். ஆகாமப் போச்சுன்னா அக்கா ஒடைஞ்சு போயிரும். ஆனப்புறம் நானே சொல்றேன். மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்த வருடம் நான் புதுநன்மை வாங்குவதற்கான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல்முறை நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் பாவம் எது, புண்ணியம் எது என்று சிஸ்டர் பாடம் நடத்துவார். சத்தியத்தை மீறுவது பாவம். தாய் தகப்பன் பேச்சைத் தட்டுவது பாவம். இரண்டும் பாடப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருந்தன.

தை மாதம் முழுவதும் மாமா காலையில் பனியில் போய், எங்கள் தெருக்கோடியில் இருந்த காலி மனையில் நூலை வீசினார். கொக்கி கிடையாது, நூல் நுனியில் ஒரு நட்டு கட்டியிருக்கும். நான் தள்ளி நின்று அது விழுந்த இடத்தில் கல் வைப்பேன். தெருவில் எல்லோருக்கும் சிரிப்பு. "காத்துல மீன் புடிக்கிறான்யா!" என்றார் பால்காரர். முதலில் நட்டு மாமாவின் காலடியிலேயே விழும். பிறகு பத்தடி. பிறகு வேப்பமரம் வரை. ஒருநாள் வேப்பமரத்தைத் தாண்டியது. மாமா ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். அவருடைய மோதிர விரல் என் முதுகில் அழுந்தியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, அது மடங்கிப் பிடித்திருந்தது.

அதை நான் மட்டும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் அதே கம்பெனியில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ்காரர் குடியிருந்தார். நல்ல மனிதர். அன்று சாயங்காலம் வேலிக்கு மேலாக அம்மாவிடம் சொன்னார்.

"என்னங்கம்மா, தம்பி கை சூப்பரா ஆயிட்டுது போல! வீசுறதப் பார்த்தேன். இனி என்னாத்துக்கு லீவு, சீக்கிரம் டூட்டிக்கு வரச் சொல்லுங்க."

சந்தோஷமாகத்தான் சொன்னார். அம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அவளுக்கு டூட்டி என்றால் ஒன்றே ஒன்றுதான், அந்தச் சந்தனம் பூசிய மெஷின். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, வாய்க்குள்ளேயே எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள். தம்பியின் கை குணமாகவேண்டும் என்றுதான் வேண்டுகிறாள் என நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாமா முடி வெட்டப் போயிருந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா தூண்டில்ல சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்குதே, அதக் கழட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா. ஏன்?"

"கழட்டிட்டு வா."

"மாமா திட்டும்மா."

"திட்டட்டும்டி! கை நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சா திரும்ப அதே மெஷின்லதான் கொண்டுபோய் நிறுத்துவானுங்க. ரெண்டு வெரலு போனது போதாதா? மிச்சத்தையும் குடுத்துட்டு வரட்டும்னு சொல்றியா? எனக்குன்னு இருக்கறது ஒரே தம்பி."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். எனக்குத் தொண்டை வரை வந்தது: அம்மா, மெஷின் இல்லம்மா, உட்கார்ந்து பார்க்கிற வேலைம்மா. அவ்வளவுதான், ஒரு வரி. ஆனால் மாதா மேல் சத்தியம். நான் உள்ளே போய் வளையத்தைத் திருகி ரீலைக் கழற்றிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். சத்தியத்தையும் காப்பாற்றினேன், தாய் சொல்லையும் தட்டவில்லை. சிஸ்டர் இருந்திருந்தால் எனக்குப் படம் போட்ட அட்டை பரிசு கொடுத்திருப்பார்.

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கும் சைக்கிள்காரர் அந்த நேரத்தில்தானா வரவேண்டும்? அம்மா ரீலைத் தராசில் போட்டாள். அவர் அதன் கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. "இது ஓடுது போலிருக்குதேம்மா" என்றார். "ஓடாது, எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா. செய்தித்தாளில் மடித்துப் பேரீச்சம்பழம் கொடுத்தார். அதை நான்தான் தின்றேன். எல்லாவற்றையும் தின்றேன். இன்றைக்கு என் பிள்ளைகள் வீட்டில் அந்தப் பழம் கிடந்தால் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால்தான் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மாமா வந்தார். ராடை எடுத்தார். ரீல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, ரீல் எங்க?"

"எனக்கென்னடா தெரியும்? வாசல்ல வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருப்பான்" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

படிக்கட்டில் பேரீச்சங்கொட்டைகள் கிடந்தன. மாமா கொட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன். அவர் ராடை இரண்டாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது, இன்றைக்கும். அப்போதாவது வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே! அக்கா, நீ பயப்படுகிற மாதிரி இல்லை என்று ஒரு வார்த்தை! ஆனால் சொன்னால், என் பிழைப்பை நீதான் எடைக்குப் போட்டாய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அவளை அப்படி நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. மறுபடி பந்தை வாங்கிப் பிசைந்தார். கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துப் பார்த்தார். மறுபடியும் பெங்களூர் போய் இன்னொரு ரீல் வாங்கிவர வேலையில்லாத ஆளுக்கு வழி இல்லை. பங்குனி வருவதற்குள் விரல் நடுக்கணுவில் பிடித்துக்கொண்டது. காலையில் வெந்நீரில் வைத்து இடது கையால் மடக்குவார். விட்டதும் நிமிர்ந்துகொள்ளும்.

கம்பெனி டாக்டர் பார்த்த நாள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வந்தது. மாமா நான்கு மணிக்குத் திரும்பினார். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னடா சொன்னாங்க?"

"கை தேறலையாம்க்கா. வேலைக்கு ஆகாதுன்னு எழுதிட்டாங்க."

"அப்ப மெஷினுக்குப் போக வேணாமா?"

"வேணாம்க்கா."

அம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எம்மாதா, என் வேண்டுதல் வீண்போகல" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் எதற்காக முழங்கால் போட்டிருந்தாள் என்று. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது. அன்று அவள் சேமியா பாயசம் வைத்தாள். மாமா இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். "நல்லா இருக்குதுக்கா" என்றார்.

அந்த மாதமே புதுநன்மைக்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. சாமியாரிடம் நான் சொன்னது, பென்சில் திருடியது, ஜெபத்தில் தூங்கியது. ரீலைக் கழற்றிக் கொடுத்தது எந்தப் பாவம் என்று எவ்வளவு யோசித்தும் அந்தப் புத்தகத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

பிறகு மாமா ஊத்தங்கரையில் ஒரு மாங்கூழ் கிடங்கில் காவலுக்கு இருந்தார். கல்யாணம் கூடி வந்து, கையைப் பார்த்து இரண்டு தடவை நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் பேச்செடுக்க விடவில்லை. அம்மா சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவரைக் கூட்டிப்போய், எல்லோர் முன்னாலும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவாள். "நான் மட்டும் அன்னைக்குத் தடுக்கலன்னா இவன் அந்த மெஷினுக்கே பலியாயிருப்பான். ஏன்டா, சரிதானே?" மாமா சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, நீதான் காப்பாத்தின" என்பார். எத்தனை வருடம், எத்தனை பந்தி! ஒருமுறைகூட அவர் குரலில் பிசிறு தட்டியதில்லை. நான் சாப்பிடுகிற மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் மாமா இறந்துவிட்டார். பெட்டியில் வைத்து, வழக்கப்படி கையில் ஜெபமாலையைச் சுற்றினார்கள். இடது கை மடங்கியது. வலது கையின் மோதிர விரல் மட்டும் நீட்டிக்கொண்டே நின்றது, மாலை அதிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. சாமியாருக்கு உதவியாக வந்த கோயில் பிள்ளை இரண்டு தடவை முயன்றுவிட்டுப் பேசாமல் நெஞ்சின் மேல் வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. நாற்காலியைப் பெட்டிக்கு அருகில் இழுத்துப் போட்டு அந்த விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "இந்தக் கை இப்படி ஆனதாலதான் என் தம்பி இத்தன வருசம் உசுரோட இருந்தான். நான்தான் காப்பாத்தினேன். ஏன்டா, சரிதானே?"

பழக்கத்தில் கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அறை முழுக்கத் தேடி, கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "நீதான் காப்பாத்தின."